கிழங்கின் மேல் விழுந்த பழி

“மண்ணுக்கு அடியில விளையிற எதையும் தொடாதே.”

சர்க்கரை நோய் என்று சீட்டெழுதிக் கொடுத்த கையோடு நம் சனங்களுக்குச் சொல்லப்படும் முதல் சட்டம் இதுதான். டாக்டர் சொல்கிறார், நர்சு சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். எங்கள் ஆத்தூர் வட்டாரத்துச் சேரிகளில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது மனப்பாடம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் நின்று யோசித்தால் சட்டம் ஆட்டம் காண்கிறது. நிலக்கடலை மண்ணுக்கு அடியில்தான் விளைகிறது. ரத்தத்தில் சர்க்கரையை அது மிக மெதுவாகத்தான் ஏற்றும். முள்ளங்கியும் மண்ணுக்கு அடியில்தான். நூறு கிராம் முள்ளங்கியில் மாவும் சர்க்கரையுமாகச் சேர்ந்தே நாலு கிராம் தேறாது. கரும்பு மண்ணுக்கு மேலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. நெல்லும் மேலேதான். மூணு வேளையும் நாம் வழித்துத் தின்கிற சோறு மேலே விளைந்தது என்பதால் சர்க்கரை ஏறாமல் போகிறதா?

இந்தச் சட்டத்தை யாரோ சாதி பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உருளையும் மரவள்ளியும் சர்க்கரையைக் கூட்டும் என்பது உண்மை. அந்த உண்மையை எளிமையாகச் சொல்லப் போய்ச் சட்டம் இப்படி ஆகியிருக்கலாம். ஆனால் கிழங்கு வெறும் காய்கறி இல்லை. பஞ்சத்தில் தின்றது, கூலி கிடைக்காத நாளில் தின்றது, நெல்லை விளைவித்தவர்கள் நெல்லைத் தொட முடியாதபோது தின்றது. ஏழையின் வயிற்றை ரொப்பிய இந்தப் பண்டத்தை ஏழையின் நோய்க்குக் காரணம் என்று மருத்துவ உலகமே குற்றக்கூண்டில் ஏற்றிய ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வழக்கு எப்படி நடந்தது, கூண்டில் நிற்க வேண்டிய வேறொருவர் எப்படித் தப்பித்துப் போனார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1

மரவள்ளிக்கு ஊருக்கொரு பெயர். நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். கன்னியாகுமரிப் பக்கம் மரச்சீனி. மலையாளத்தில் கப்பை. இத்தனை பெயர் இருப்பதால் ஏதோ சங்க காலத்திலிருந்து நம்மோடு இருப்பது போலத் தோன்றும். அப்படியில்லை. அதன் தாய்நிலம் தென்னமெரிக்கா. அமேசான் காட்டுப் பழங்குடிகள் ஆயிரக்கணக்கான வருடமாகப் பயிர்செய்து, அதன் நஞ்சை எடுக்கவும் கண்டுபிடித்து வைத்திருந்த கிழங்கு அது. போர்த்துக்கீசியர் அதைக் கப்பலேற்றினார்கள். பிரேசில் கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மரவள்ளி மாவுதான் சோறு. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுபோன கப்பல்களிலும் அந்த மாவு தீனியாகப் போனது. அதே போர்த்துக்கீசியர் வழியாகத்தான் மலபார்க் கரைக்கும் வந்து சேர்ந்தது. ஆக, இந்தக் கிழங்கின் பயணமே அடிமைகளின் பயணத்தோடு பின்னியது.

திருவிதாங்கூரில் 1855 வரை அடிமை முறை சட்டப்படியே இருந்தது. புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். நஞ்சையில் இறங்கி உழுதவர்களுக்கு நெல் கிடையாது. 1880 முதல் 1885 வரை அங்கே அரசாண்ட விசாகம் திருநாள் மரவள்ளிப் பயிரை ஊக்குவித்தார். குன்றுச் சரிவில், தண்ணீர் பாயாத மேட்டில், வேலியோரத்தில் எங்கே குச்சியை ஒடித்து நட்டாலும் அது வேர்பிடிக்கும். நிலமில்லாதவனுக்கு இதைவிடத் தோதான பயிர் வேறெது? 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பட்டினி தலைவிரித்தாடியது. செத்தவர்கள் போக மிச்சம் பேரைப் பிழைக்க வைத்தது பெரும்பாலும் மரவள்ளிதான். அப்போது கன்னியாகுமரியும் அந்த ராஜ்யத்து மண்தானே. அங்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால், மரச்சீனியும் கருவாடும் இல்லாவிட்டால் எங்க தலைமுறையே இல்லை என்பார்கள்.

எங்கள் சேலம் கதை வேறு. இங்கே கிழங்கு வயிற்றுக்கு வந்ததைவிட ஆலைக்கு வந்ததுதான் அதிகம். ஜவ்வரிசி என்பது முதலில் மலேயா பக்கத்துச் சவ்வரிசிப் பனையின் மாவிலிருந்து வந்த சரக்கு. இரண்டாம் உலகப்போரில் அந்த இறக்குமதி நின்றது. 1940களில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி திரட்டும் தொழில் எழுந்தது. பிறகு ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று நூற்றுக்கணக்கான ஆலைகள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. காடு ஒருத்தருடையது, ஆலை ஒருத்தருடையது. கிழங்கு பிடுங்கியதும் தோல் உரித்ததும் எங்க ஆயா, எங்க அம்மா, எங்க சின்னம்மா. விடியற்காலையில் ஆலைக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கத்தி ஓயாது. விரல் இடுக்கெல்லாம் பால் பிசுபிசுத்து வெடித்துக் கிடக்கும்.

அந்த ஆலையில் என்ன நடக்கிறது என்பது சர்க்கரை நோய்க்கும் சம்பந்தமுள்ள சங்கதி. கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, நாரைத் தனியே பிரித்துவிடுகிறார்கள். அந்த நார் திப்பி என்ற பெயரில் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. மிஞ்சுவது கிட்டத்தட்டச் சுத்தமான மாவு. அதைத்தான் உருட்டி, வறுத்து, காயவைத்து வடக்கே அனுப்புகிறார்கள். மகாராஷ்டிரத்தில் விரத நாளில் அரிசி கோதுமை தொடாதவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுகிறார்கள். நாங்கள் தோலுரித்த கிழங்கு அங்கே விரதப் பண்டம். முழுக் கிழங்காக எங்கள் அடுப்பில் வெந்தால் பஞ்சப் பண்டம், வியாதிப் பண்டம். ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றுவதில் நாரிழந்த அந்த விரதப் பண்டம் முழுக் கிழங்குக்கு இளைத்ததில்லை.

2

இனி நோயின் கதை.

நீரிழிவு பணக்காரன் வியாதி என்று நம் நாட்டில் நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லி வந்தார்கள். 1907இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெப்ப நாடுகளின் நீரிழிவு பற்றி ஒரு விவாதம் அச்சானது. அதில் கல்கத்தா டாக்டர்கள் கண்ட நோயாளிகள் யார்? ஜமீன்தார்கள், வக்கீல்கள், நாற்காலியில் உட்கார்ந்து வேலைபார்க்கும் உத்தியோகஸ்தர்கள். டாக்டரிடம் போக முடிந்தவன் நோய் மட்டும்தானே ஏட்டில் ஏறும்? சேரியில் ஒருத்தன் தண்ணி தண்ணி என்று தவித்து, ராவெல்லாம் மூத்திரத்துக்கு எழுந்து, ஆறு மாசத்தில் எலும்பும் தோலுமாகச் செத்தால் அதற்குப் பெயர் உருக்கி நோய், இல்லாவிட்டால் பேயடித்தது. அவ்வளவுதான்.

1955இல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற டாக்டர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சில நோயாளிகள் இளவயது, ஒல்லி உடம்பு. இன்சுலின் நிறையத் தேவைப்படுகிறது. ஆனால் இளவயதுச் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறி மயக்கம் வருமே, அது இவர்களுக்கு வரவில்லை. புத்தகத்தில் இருந்த இரண்டு வகையிலும் இவர்கள் அடங்கவில்லை. ஊரின் முதலெழுத்தை வைத்து ஜே வகை என்று பெயரிட்டார். 1959இல் இந்தோனேசியாவிலிருந்து சூய்டெமா எழுதினார்: சத்துக்குறைவான நோயாளிகள், கணையத்தில் கல், சாப்பாடு பெரும்பாலும் மரவள்ளி. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இதே மாதிரி நோயாளிகளைக் கூட்டங்கூட்டமாகப் பார்த்தார். இளவயதில் வயிற்றுவலி, கணையத்தில் சுண்ணாம்புக் கல், பிறகு சர்க்கரை. 1968இல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ஏழைகள். மரவள்ளி தின்கிறவர்கள்.

ஏழை, மரவள்ளி, சர்க்கரை. மூன்றும் ஒரே இடத்தில் நின்றால் யாரைப் பிடிப்பது? கிழங்கைப் பிடித்தார்கள். 1979இல் மக்மில்லனும் கீவர்கீஸும் சேர்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மரவள்ளிக்குள் சயனைடை விடுவிக்கும் பொருள் இருக்கிறது. அந்தச் சயனைடை உடம்பு முறிக்க வேண்டுமென்றால் கந்தகம் கலந்த புரதம் வேண்டும். ஏழையின் தட்டில் அந்தப் புரதம் இல்லை. எனவே நஞ்சு கணையத்தை அரிக்கிறது. அறிவுக்குப் பொருந்துகிற கருத்துதான், நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். அந்தக் கருத்துக்கு இரண்டு கால்கள். ஒரு கால் நஞ்சு, ஒரு கால் புரதமில்லாத தட்டு. உலகம் ஒரு காலை மட்டும் பிடித்துக்கொண்டது. ‘கப்பை தின்னா கணையம் போயிரும்’ என்பது மட்டும் மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் நின்றது. தட்டில் மீனும் பருப்பும் ஏன் இல்லை, கூலி ஏன் அவ்வளவு, நிலம் ஏன் இல்லை என்று எந்த வகுப்பிலும் பாடம் நடக்கவில்லை.

3

கிழங்கின் பக்கம் சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் இல்லை.

முதல் சாட்சி ஆப்பிரிக்கா. உலகத்தில் மரவள்ளியை அதிகம் தின்கிற கண்டம் அது. கிழங்குதான் காரணமென்றால் அங்கே வீட்டுக்கு வீடு கணையக் கல் இருக்க வேண்டும். 1987இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மரவள்ளியும் மாவுச்சத்துமே பிரதானமாகத் தின்கிற மேற்கு ஆப்பிரிக்கக் கிராமத்து மக்களிடம் சர்க்கரை நோயைத் தேடிப் பார்த்தார்கள். இல்லை.

இரண்டாம் சாட்சி நம் சென்னை. கணையக் கல்லோடு சர்க்கரை வந்தவர்களைச் சென்னை மருத்துவர்கள் வருடக்கணக்கில் பார்த்து எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மரவள்ளிப் பழக்கமே இல்லாதவர்கள். சிலர் வசதியானவர்களும்கூட. 2000க்குப் பிறகு, இந்த நோயாளிகள் பலரிடம் கணையத்தைக் காக்கும் ஒரு மரபணுவில் பழுது இருப்பது தெரிந்தது. ஆக, கணையக் கல் நோய் தனிப்பட்ட ஒரு கணைய நோய். அதற்குக் கிழங்கு மட்டும் காரணமில்லை. பசி மட்டுமே காரணம் என்று அதில் ஒற்றைக் கோடு போடுவதும் சரியாகாது. இதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் சாட்சி நம் அடுப்படி. மரவள்ளியில் நஞ்சு இருப்பது உண்மை. தோலில் அதிகம், கசப்பு ரகத்தில் அதிகம். எங்க ஆயாவுக்குச் சயனைடு என்ற வார்த்தை தெரியாது. ஆனால் தோலை ஆழமாக உரிப்பாள். தண்ணீர் தாராளமாக ஊற்றி, சட்டியை மூடாமல் வேகவைத்து, வெந்த தண்ணியை வடித்துக் கொட்டுவாள். “அந்தத் தண்ணிய மாட்டுக்குக்கூட வைக்கக் கூடாதுடா” என்பாள். கிழங்கோடு என்ன வைப்பாள்? கருவாடு. மழை நாளில் நத்தை. வயல் நண்டு. யார் வீட்டிலாவது மாடு அடித்தால் உப்புக்கண்டம். ஊர்த்தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி பேசிய அத்தனையிலும் கந்தகம் கலந்த புரதம் இருந்தது. நஞ்சை முறிக்கிற சாமான். மலையாளக் கரையில் கப்பையும் மத்தி மீனும் ஜோடி சேர்ந்ததும் இப்படித்தான். கிழங்கைத் தனியாக எங்கள் சனங்கள் தின்றதில்லை. கூட ஒன்றும் கிடைக்காதபோதுதான் தனியாகத் தின்றார்கள்.

அப்படித் தனியாகத் தின்ன நேர்ந்தால் என்னாகும் என்பதற்கு 1981 மொசாம்பிக் சாட்சி. கடும் வறட்சி. விளைந்தது கசப்பு மரவள்ளி மட்டும். காயவைக்கவும் நஞ்செடுக்கவும் பொறுக்காத பசி. புரதம் ஒரு துளியும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கின. அதிகமும் பெண்கள், குழந்தைகள். கான்சோ என்று அதற்குப் பெயர். அது சர்க்கரை நோயல்ல. ஆனால் நஞ்சு எந்த இடத்தில் ஜெயிக்கிறது என்பதைக் காட்டுகிறது. பதப்படுத்த நேரமும் கூடத் தின்னப் புரதமும் இல்லாத இடத்தில்தான் ஜெயிக்கிறது.

4

1985இல் உலக சுகாதார நிறுவனம் சர்க்கரை நோய்களை வகைப்படுத்தியபோது சத்துக்குறைவால் வரும் நீரிழிவு என்று ஒரு வகையைத் தனியாக வைத்தது. அதற்குள் இரண்டு பிரிவு. ஒன்று கணையக் கல்லோடு வருவது. இன்னொன்று கல் இல்லாமல், புரதக் குறைவான உடம்பில் வருவது. 1999இல் அந்த வகையையே எடுத்துவிட்டார்கள். சத்துக்குறைவு சர்க்கரை நோயை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்றார்கள். கல் உள்ளவர்கள் கணைய நோய் வரிசைக்குப் போனார்கள். கல் இல்லாத ஒல்லி ஏழைகளுக்கு ஏட்டில் இடமே இல்லாமல் போயிற்று. ஒன்றாம் வகை என்றோ இரண்டாம் வகை என்றோ ஏதோ ஒரு பெட்டியில் போட்டார்கள்.

எங்க சின்னம்மா அந்தக் காலத்து நோயாளி. சேகோ ஆலையில் தோலுரித்தவர். முப்பது வயசு இருக்கும்போது சர்க்கரை கண்டது. உடம்பு முப்பத்தாறு கிலோ. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று பார்த்தோம். சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், “என்ன, குச்சிக்கிழங்கு தின்னே வளர்ந்த ஆளுங்களா? அதை நிறுத்து, உடம்பைக் குறை, நடை நட” என்றார் அந்த மருத்துவர். முப்பத்தாறு கிலோவில் எதைக் குறைப்பது? ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஆலைக்கு நடக்கிறவர் இன்னும் எங்கே நடப்பது? சின்னம்மா சொன்ன சொல் தவறாமல் கிழங்கை நிறுத்தினார். அதற்குப் பதிலாக வயிறு ரொம்ப ரேஷன் அரிசிச் சோறு, புளித்தண்ணிக் குழம்பு. சர்க்கரை இறங்கவில்லை. இன்சுலின் ஊசியைக் கூட்டினார்கள். ஊசி போட்டுக்கொண்டு கூலிக்குப் போய், மத்தியானம் வரை கஞ்சி வராத நாட்களில் ஆலைத் தரையிலேயே வேர்த்து விறுவிறுத்து மயங்கி விழுந்தார். ‘சாமி வந்திருச்சு’ என்று வேப்பிலை அடித்தார்கள். அது சர்க்கரை இறங்கிய மயக்கம். கடைசியில் கால்விரல் இரண்டு போயின. 2009இல் ஆளும் போய்ச் சேர்ந்தார். வயசு நாற்பத்தெட்டு. எந்த வகைச் சர்க்கரை என்று ஒரு தடவைகூட யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இந்த மாதிரி ஒல்லி நோயாளிகளைத் தனியாக எடுத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து சோதித்த ஆய்வு 2022இல் வந்தது. கொழுத்த உடம்பில் வரும் இரண்டாம் வகை நோயில் இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதற்குக் கீழ்ப்படியாது. இவர்களுக்கு அப்படியில்லை. இன்சுலின் சுரப்பதே குறைவு. சுரந்ததற்கு உடம்பு நன்றாகவே கீழ்ப்படிகிறது. அதாவது இது வேறு நோய். வேறு சிகிச்சை கேட்கிறது. நோயாளியின் தட்டு காலியாக இருக்க, ஊசியை மட்டும் கூட்டினால் ஆபத்து. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த உலக மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது. உலகத்தில் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அதிகமும் ஆசியாவில், ஆப்பிரிக்காவில்.

ஜமைக்காவில் 1955இல் கண்ணில் பட்டது. பெயர் கிடைக்க எழுபது வருடம். இத்தனை காலமும் கூண்டில் கிழங்கு நின்றது. பசி வெளியே சுதந்திரமாகத் திரிந்தது.

5

பசி உடம்பில் எத்தனை காலம் தங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் நெதர்லாந்துக்கு உணவு போகும் வழியை அடைத்தார்கள். அந்தப் பட்டினியில் வயிற்றிலிருந்த பிள்ளைகளை ஐம்பது வருடம் கழித்துச் சோதித்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் உடம்புக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவாக இருந்தது. தாய் தின்னாத சோறு பிள்ளையின் ஐம்பது வயசில் கணக்குக் கேட்கிறது.

அது ஒரே ஒரு குளிர்காலம். நம் கணக்கு என்ன? 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். எங்கள் சேலம் ஜில்லாவின் சனத்தொகையே அடுத்த கணக்கெடுப்பில் குறைந்திருந்தது. நிவாரண வேலைக்குக் கூலியாக ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் வெட்டினார். அரைக் கிலோகூட இல்லை. கல்லுடைக்கிறவனுக்கு. இது உயிர்பிழைக்கவே காணாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்று பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பஞ்சம் முடிந்த பிறகும் பண்ணையில் அரைப்பட்டினி முடியவில்லை. ஒவ்வொரு தலைமுறைத் தாயும் இரத்தச்சோகையோடு நாற்று நட்டவள்தான். அந்தப் பஞ்சத்துக்கும் இன்றைய சர்க்கரைக்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் ஒரு சேரிக்காரனின் சர்க்கரையைப் பேசும்போது ‘வாயைக் கட்டு’ என்று மட்டும் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரிந்துகொள்ள இந்த வரலாறு போதும். அந்த வாய் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட வாய்.

6

பழியைத் துடைத்தாயிற்று என்பதற்காகக் கிழங்கைச் சட்டி சட்டியாகத் தின்னலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வந்த நோய் வந்ததுதான். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்கிறது. சேரிகளில் இப்போது ஒல்லி உடம்பும் உண்டு, தொந்தி உடம்பும் உண்டு. எனவே கிழங்கு என்ன செய்யும் என்று உள்ளதை உள்ளபடி தெரிந்துகொள்வோம்.

கிழங்கின் மாவு வயிற்றில் உடைந்து குளுக்கோசாகி ரத்தத்துக்குப் போகிறது. எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்ற இரண்டுதான் கேள்வி. அளவைப் பார்த்தால், நூறு கிராம் மரவள்ளியில் சுமார் 38 கிராம் மாவுச்சத்து. வெந்த சோற்றில் சுமார் 28. சர்க்கரைவள்ளியில் 20ஐ ஒட்டி, உருளையில் 17, 18. காரட், பீட்ரூட் பத்தை ஒட்டி. முள்ளங்கி நாலுக்குள். ஆகவே மண்ணுக்கு அடியில் என்று எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்ட முடியாது. முள்ளங்கிச் சாம்பாரும் ரெண்டு துண்டு காரட்டும் யாரையும் கெடுக்காது. மரவள்ளி சோற்றையும் தாண்டும்.

வேகத்தைப் பார்த்தால், டொராண்டோவில் ஜென்கின்ஸ் என்பவர் 1981இல் உணவுகளை இந்த வேகத்தை வைத்து வரிசைப்படுத்திக் காட்டினார். பிறகு வந்த ஆய்வுகள் ஒரே கிழங்கின் வேகமும் சமைக்கிற விதத்தில் மாறும் என்று காட்டின. முழுசாக அவித்த சர்க்கரைவள்ளி மெதுவாக ஏற்றும். அதையே நெருப்பில் சுட்டால் வேகமாக ஏற்றும். மசித்தால், மாவாக்கினால், ஜவ்வரிசியாக்கிக் கஞ்சி காய்ச்சினால் வேகம் கூடும். அவித்து ஆறவைத்தால் மாவில் ஒரு பங்கு இறுகி, எளிதில் செரிக்காத மாவாக மாறும். வேகம் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான். மீனோ பருப்போ முட்டையோ கீரையோ கூடச் சேர்ந்தால் இன்னும் குறையும்.

ஆக நடைமுறை இதுதான். மரவள்ளி தின்கிற வேளையில் சோறு வேண்டாம். சோற்றோடு கிழங்குப் பொரியல் வைப்பதுதான் இரட்டைச் சுமை. அதைத்தான் நம் வீடுகளில் தெரியாமல் செய்கிறோம். கிழங்கு ஒரு கை அளவு, அதோடு கருவாட்டுக் குழம்பும் கீரையும் தாராளமாக. வறுவல் சிப்ஸ் வேண்டாம். ஜவ்வரிசிக் கஞ்சி நோயாளிக்கு நல்லது என்று கொடுக்காதீர்கள். ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் கிழங்கையும் சோற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். உணவை மாற்றுவதாக இருந்தால் மருந்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

7

ஆனால் இது சமையல் குறிப்போடு முடிகிற விஷயமில்லை. கருவாட்டையும் பருப்பையும் தாராளமாகப் போடு என்று எழுதுகிறேன், எங்கிருந்து போடுவார்கள்? 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அரிசிப் பஞ்சம் போனது பெரிய காரியம், அதைக் குறைத்துப் பேசுகிறவன் பட்டினி அறியாதவன். 2007இலிருந்து மலிவு விலையில் துவரம்பருப்பும் வருகிறது, மாதம் ஒரு கிலோ. நாலு பேர் குடும்பத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராம். அரிசியை மூட்டையிலும் பருப்பைச் சிட்டிகையிலும் அளந்து கொடுத்துவிட்டு, ‘நீங்க மாவுச்சத்து அதிகமாத் தின்றீங்க’ என்று எங்கள் சனங்களைத் திட்டுவது என்ன நியாயம்? கம்பும் கேழ்வரகும் விளைந்த காடுகள் ஆலைக்கிழங்குக் காடுகளாக ஆனது எங்கள் விருப்பத்தால் இல்லை.

தோழர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நம் பகுதியில் நாற்பது வயதுக்குக் கீழே, ஒல்லியாக இருந்து சர்க்கரை வந்தவர்கள் யார் யார் என்று தெருத்தெருவாகக் கணக்கெடுக்கலாம். அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய், இது எந்த வகை என்று சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஐந்தாம் வகை என்று ஒன்று இருப்பதையே கேள்விப்படாத மருத்துவர்கள் இருப்பார்கள். பணிவாகவும் விடாமலும் சொல்லலாம். ரேஷனில் பருப்பைக் கூட்டு, கேழ்வரகைக் கொடு, சத்துணவு முட்டையில் கைவைக்காதே என்பதை நிலக் கோரிக்கை, கூலிக் கோரிக்கையோடு சேர்த்தே எழுப்பலாம். நம் கிழவிகள் கிழங்கை எப்படி உரித்தார்கள், எதோடு தின்றார்கள் என்பதையும் அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். டாக்டர்கள் ஏட்டில் அது இல்லை.

எங்கள் ஆலைகளில் இன்றும் பெண்கள் விடியுமுன் தோலுரிக்கப் போகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போகிறார்கள் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவோம்.